எரிந்த கட்சி, எரியாத கட்சி: மாயத்தொடர்களின் முடிவை ஊகிப்பவர்கள்

'விடாது கருப்பு' தொடரில் இரவில் குதிரையேறி வருவது சாமியா, சாமியின் பெயரில் வரும் மனுசனா? 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை அது ஓடியபோது, அடுத்த வாரம் வரும்வரை தமிழ் வீடுகளில் கிடந்து புரண்ட கேள்வி இதுதான். கதை இந்திரா சௌந்தர்ராஜனுடையது. இயக்கியவர் நாகா. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த 'மர்ம தேசம்' வரிசையில் வந்தது. 'ரகசியம்', 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை' என்று அந்த வரிசை நீண்டது. ஒவ்வொன்றிலும் கேள்வியின் சட்டை மாறியதே தவிர உடம்பு மாறவில்லை. நடக்கிற அதிசயத்துக்குப் பின்னால் தெய்வம் நிற்கிறதா, ஆள் நிற்கிறானா?

இந்த வகைக் கதையில் மாயம் தனி உலகத்தில் நடப்பதில்லை. ஏழு கடல், ஏழு மலை தாண்டத் தேவையில்லை. பஸ் ஓடுகிற வீதியில், டெலிபோன் இருக்கிற வீட்டில், டொக்டரும் பொலிசும் உள்ள ஊரில் பேய் நடமாடும், சாமி இறங்கும், மந்திரம் பலிக்கும். வெள்ளைக்காரப் புத்தகக் கடைகளில் இதற்கு அர்பன் ஃபேன்டஸி என்று தனித் தட்டு உண்டு. நகர மாயக்கதை என்று நான் எழுதப்போகிறேன். விடாது கருப்பின் களம் கிராமம்தான் என்றாலும், கருப்பை நம்பாத படித்தவர்கள் வந்து மோதுவதில்தான் அந்தக் கதைக்கு உயிர். ஆகவே அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன்.

இப்படிப்பட்ட தொடர்கள் எங்கே போய் முடியும் என்று ரசிகர்கள் ஊகிப்பது வெறும் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குள் முறைகள் இருக்கின்றன, மரபு இருக்கிறது, வெற்றி தோல்விக் கணக்கும் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தடயம் பொறுக்குகிறவரைவிடக் கதையின் விதியைப் பிடித்துக்கொண்டவரே அதிகம் சரியாகச் சொல்கிறார். விதியே இல்லாமல் இழுக்கப்படும் தொடரில் கதையை வைத்துச் செய்யும் எந்த ஊகமும் வீண்வேலை.

முடிவு தெரிந்த கதையும் தெரியாத கதையும்

கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களில், எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, புலத்கொஹுபிட்டிய என்று ரப்பரும் தேயிலையும் கலந்து கிடக்கும் பக்கங்களில், கதை கேட்கும் பழக்கம் தொலைக்காட்சியோடு வந்ததல்ல. தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலில் பெரிய எழுத்துப் புத்தகத்தை ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, படிக்கத் தெரியாத பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்ட காலம் ஒன்று உண்டு. மாசியில் காமன் கூத்து. கம்பம் நட்டு, தப்பு முழங்க, ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வந்து, கடைசி இரவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதனை எரிப்பார். பிறகு ரதியின் புலம்பலுக்கு இரங்கி எழுப்புவார். சின்னப் பிள்ளைக்கும் இந்த முடிவு தெரியும். அடுத்து என்ன என்று யாரும் கேட்பதில்லை. இந்த வருசம் ரதி வேஷம் யாருக்கு, வீரபத்திரன் ஆடுகிற பையன் தாங்குவானா என்பதே பேச்சு.

இதனால் நம் மரபில் ஊகமே கிடையாது, வாரப் பத்திரிகைதான் அதைக் கொண்டுவந்தது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. அதே காமன் கதையை வைத்துத் தஞ்சைப் பக்கத்தில் லாவணி பாடுவார்கள். ஒருவர் எரிந்த கட்சி, மற்றவர் எரியாத கட்சி. மன்மதன் எரிந்தே போனான் என்று ஒருவர் சாதிப்பார். எரியவே இல்லை என்று மற்றவர் மறுப்பார். விடிய விடிய வாதம் நடக்கும். முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதையிலேயே, அந்த முடிவில் உண்மையில் நடந்தது என்ன என்று இரண்டாகப் பிரிந்து வாதாடும் சபை அது. இன்றைக்கு ஒரு மாயத்தொடரின் ரசிகர்கள் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி எனக்குத் தெரியவில்லை. அவர்களும் கட்சி கட்டுகிறார்கள், பழைய அத்தியாயத்தை மேற்கோள் காட்டுகிறார்கள், எதிர்க்கட்சியின் வரியை அவர்கள் மேலேயே திருப்பிவிடுகிறார்கள்.

பத்திரிகை கொண்டுவந்தது காத்திருப்பை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தது. நந்தினி யாருடைய மகள், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று மூன்றரை வருசம் வாசகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். முடிந்த பிறகும் விடவில்லை. இன்னின்ன பாத்திரங்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார்கள். கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கரிகாலன் கொலையை மட்டும் அவர் மூட்டத்திலேயே விட்டார். வரலாறும் அப்படித்தான். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசனையும் அவன் உடன்பிறந்தாரையும் துரோகிகள் என்று பெயர் சொல்கிறது. பின்னால் இருந்தவர் யார் என்பதில் அறிஞர்கள் இன்னும் இரண்டு கட்சி. எழுபது வருசமாக ஓயாத ஊகத்துக்குக் காரணம் எழுத்தாளர் அந்தக் கதவை மூடாமல் விட்டதுதான்.

இலங்கையில் இந்த வாசிப்புக்கு இன்னொரு கோணல் உண்டு. 1970களில் இந்தியப் பத்திரிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உள்ளூர் எழுத்து தழைக்க அது உதவியது என்று இலக்கிய வரலாற்றில் எழுதுகிறார்கள். அது உண்மைதான். தொடர்கதை வாசகன் பாடுதான் திண்டாட்டமாயிற்று. பத்திரிகையிலிருந்து கிழித்துக் கட்டிய பைண்ட் புத்தகம் கைமாறிக் கைமாறி வரும். நடுவில் இரண்டு மூன்று வாரம் இருக்காது. சில வேளை கடைசி அத்தியாயமே இருக்காது. முன்னால் போகும் கதையை ஊகிப்பதோடு, கிழிந்துபோன பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்றும் இவன் ஊகிக்க வேண்டும். இந்த இரண்டாவது ஊகம் சிறந்த பயிற்சி. விட்டுப்போன பக்கம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, எழுத்தாளர் மனசு மாற வழியில்லை. கதைக்குள் இருக்கும் தர்க்கத்தை மட்டும் வைத்தே அதை மீட்டெடுக்க முடியும்.

நியாயம் பார்க்கிறவர்கள்

தமிழ் ரசிகர்களின் ஊகங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் முதலிடம் நியாயத்துக்கு. யார் தப்புச் செய்தான், யார் கூலி வாங்கப்போகிறான்? பேய்ப் படங்களைப் பாருங்கள். 2007இல் ராகவா லாரன்ஸின் 'முனி', 2011இல் 'காஞ்சனா', அதன் பின் 2015இலும் 2019இலும் அடுத்தடுத்த பாகங்கள். சுந்தர் சி.யின் 'அரண்மனை' 2014இல் தொடங்கி 2024இல் நான்காவது பாகம் வரை வந்துவிட்டது. இவற்றில் பேய் என்றால் நியாயம் கிடைக்காமல் செத்தவர். காஞ்சனாவில் அவர் நிலத்தைப் பறிகொடுத்த ஒரு திருநங்கை. பேய் வந்தவுடன் சபை கேட்பது 'இதுக்கு என்ன அநியாயம் நடந்தது?' என்றுதான். பேயை எப்படி ஓட்டுவது என்ற கேள்வி இரண்டாம் பட்சம். இடைவேளைக்குப் பின் வரும் பழைய கதை என்னவாயிருக்கும் என்று பாதிப் பேர் சரியாகவே சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டதால் யாருக்கும் ஏமாற்றமில்லை. கணக்குத் தீர்வதைப் பார்க்கத்தானே வந்தார்கள்.

முன்னேஸ்வரத்துக் காளி முன்னால் தேங்காய் உடைத்து முறையிடும் நாட்டில் இந்த மனக்கணக்கு விநோதமில்லை. பொலிசில் தீராத வழக்கைத் தெய்வம் தீர்க்கும் என்று நம்புகிறவருக்கு, தொடர்கதையிலும் அப்படியே தீரும் என்ற எதிர்பார்ப்பு இயல்பாகவே வரும். ஆனால் நியாயத்தை வைத்து ஊகிப்பதில் ஒரு குறை இருக்கிறது. அது முடிவைச் சொல்லும், பாதையைச் சொல்லாது. கெட்டவன் தோற்பான் என்று ஆயிரம் அத்தியாயத் தொடரின் முதல் நாளே சொல்லிவிடலாம். அதைச் சொன்னதால் கதையைப் பற்றி நாம் எதையும் தெரிந்துகொண்டதாகாது.

தடயக்காரர்களும் விதிக்காரர்களும்

அடுத்த கூட்டம் துப்பறிகிறவர்கள். இவர்களுக்குத் தமிழில் குருநாதர் சுஜாதா. 1981இல் குமுதத்தில் வந்த 'கொலையுதிர் கால'த்தில் நடப்பவை ஆவியின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று துப்பறியும் வக்கீல்களான கணேஷும் வசந்துமே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சியைப் பாத்திரங்களாகவே ஆக்கி உள்ளே விட்டுவிட்டார் சுஜாதா. வாசகர் வாரா வாரம் ஒரு தடயத்தை எடுத்து ஏதாவது ஒருவர் பக்கம் வைத்தார். விஞ்ஞான விளக்கம் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஆவியைத் துரத்திவிட்டுக் கதவைத் தாழிடும் அளவுக்கு அது போகவில்லை. இரண்டு கட்சிக்கும் வெற்றி மாலை போட்ட சாமர்த்தியம் அது. சிலருக்கு இது ஏமாற்று வேலையாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை, கதை முதலிலிருந்தே அந்த இரண்டு வாசலையும் திறந்து வைத்துத்தான் நடந்தது.

தடயம் பார்ப்பதன் பலவீனம் நீளத்தில் தெரியும். நாற்பது வாரக் கதையில் தடயம் எண்ணத் தக்கது. இருபது வருசம் போகும் கதையில் எல்லாமே தடயமாகத் தோன்றும். கதவோரம் நின்ற பூனை, மூன்றாம் பாகத்தில் யாரோ உதிர்த்த அரை வாக்கியம் எல்லாம் பெரிய ரகசியத்தின் வாலாகிவிடும். எழுத்தாளர் மறந்துபோனதையும் அச்சுப்பிழையையும்கூட ரசிகர்கள் சதியாக வாசிப்பார்கள்.

விதி பார்க்கிறவர்கள் வேறு வழியில் போகிறார்கள். இந்த உலகத்தில் மாயம் எப்படி வேலை செய்யும், அதற்கு என்ன விலை, அது எதைச் செய்யாது என்பதே அவர்கள் கேள்வி. இங்கேதான் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஆங்கில விமர்சகர்களையே மிஞ்சிவிடுவார்கள். தோட்டங்களில் முனியாண்டியும் மாடசாமியும் கருப்பண்ணனும் கும்பிடுகிற சாமிகள். தேயிலைத் தொழிற்சாலையில் சுழலும் ரோதைக்கு ரோதைமுனி. செடியைக் கவ்வாத்து வெட்டும் முன் கும்பிடக் கவ்வாத்துச்சாமி. யந்திரத்துக்கும் தொழிலுக்கும் காவலாக மனிதர் உண்டாக்கிய இந்தத் தெய்வங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு, படையல் உண்டு, கோபம் வரும் காரணமும் உண்டு. எதற்கு அடிக்கும், எதற்கு அடிக்காது என்பதில் குழப்பமே இல்லை. அப்படி வளர்ந்தவர் விடாது கருப்பைப் பார்க்கும்போது தடயம் தேடமாட்டார். சாமி இப்படி ஆளை அடிக்குமா என்று ஒரே கேள்வி கேட்பார். அடிக்காது என்றால், அடித்தது மனுசன்.

அந்தத் தொடர் கடைசியில் ஒரு மனத்தின் பிளவு என்ற மருத்துவ விளக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. தெய்வத்தைப் பற்றிய அறிவு, தெய்வம் இல்லை என்ற விடைக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது விசித்திரம்தான். பக்தன் கருப்பின் கட்சியில் நிற்பான், படித்தவன் மறுப்பான் என்ற சுலபமான பிரிவினை இங்கே உதவாது. கருப்பை நன்றாகத் தெரிந்தவரே அது கருப்பு இல்லை என்று முதலில் சொல்லக்கூடியவர்.

1990களில் லயங்களில் பல வீடுகளுக்கு மின்சாரமே கிடையாது. கார் பெட்டரியில் ஓடும் ஒரு டிவியை இருபது பேர் பார்த்த காலம். சன் டிவிக்கு டிஷ் வேண்டும், அது இன்னும் குறைவு. எங்கள் ஊர்களில் மர்ம தேசத்தைப் பெரும்பாலோர் பார்த்தது பிற்பாடு யூடியூப்பில்தான். அங்கே வாரக் காத்திருப்பு கிடையாது, அடுத்த பகுதி பக்கத்திலேயே இருக்கிறது. காத்திருப்பு போனால் ஊகம் மெலிந்துவிடும் என்று நினைத்தேன். ஓரளவுக்கு அது சரிதான். ஆனால் ஏற்கெனவே பார்த்துவிட்ட மாமாவும் பார்க்காத மருமகனும் ஒரே அறையில் உட்கார்ந்தால், மாமாவின் முகத்தைப் பார்த்து ஊகிக்கும் புதுக்கலை ஒன்று பிறந்துவிடுகிறது.

விதி பார்ப்பதற்கு இலங்கையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, தொடராக இல்லாவிட்டாலும். ஷெஹான் கருணாதிலக்கவுக்கு 2022இல் புக்கர் பரிசு வாங்கித் தந்த நாவலில், 1990இன் கொழும்பில் செத்துப்போன புகைப்படக்காரன் மாலி அல்மெய்டா ஆவியாக அலைகிறான். அவனுக்குத் தவணை ஏழு நிலவு. 'மாலி அல்மெய்டாவின் ஏழு நிலவுகள்' என்ற தலைப்பிலேயே விதி இருக்கிறது. ஏழாவது நிலவுக்குள் அவன் ஒரு தெரிவு செய்தாக வேண்டும் என்று முதல் பக்கங்களிலேயே வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கே முடியும் என்பது தெரியும், எப்படி என்பதுதான் தெரியாது. கொழும்பு நகரமும் சிங்கள நம்பிக்கையின் யக்குகளும் பேய்களும் சேர்ந்த அந்தப் புத்தகம், இந்த வகைக்கு நம் மண் எவ்வளவு தோதானது என்பதையும் காட்டிவிட்டது.

வெளியே நடந்தது

இந்த வகையில் இன்று மிக நீண்டு ஓடிக்கொண்டிருப்பவற்றில் ஒன்று அமெரிக்கரான ஜிம் புட்சரின் 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்'. 2000இல் முதல் நாவல். நாயகன் ஹாரி டிரெஸ்டன் சிகாகோ நகரத்தில் தொழில் செய்யும் மந்திரவாதி, டெலிபோன் புத்தகத்தில் மந்திரவாதி என்றே பெயர் போட்டிருப்பவன். 2020இல் பதினாறாவதும் பதினேழாவதும் நாவல்கள் ஒரே ஆண்டில் வந்தன. அதற்கு முன் ஆறு வருச மௌனம். அதற்குப் பின்னும் ஐந்து வருசத்துக்கு மேல் காத்திருப்பு. இந்த இடைவெளிகளில்தான் ரசிகர்களின் ஊகம் காடு போல வளர்ந்தது.

இந்தத் தொடரின் தனித்தன்மை, ஆசிரியர் வழி வரைபடத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டது. இருபதுக்கு மேல் வழக்குக் கதைகள், அதற்குப் பின் உலகமே கவிழும் மூன்று நாவல்கள் என்பது அவருடைய பழைய திட்டம். கடைசி மூன்றின் பெயர்களும் தெரியும், மூன்றுமே நாயகன் கோபத்தில் உதிர்க்கிற வசவுச் சொற்கள். இப்படி இலக்கைச் சொன்னால் ஊகத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு 2010இல் வந்த பன்னிரண்டாவது நாவல் பரீட்சை வைத்தது. அதன் கடைசிப் பக்கத்தில் நாயகனைச் சுட்டு ஏரியில் தள்ளிவிட்டார் புட்சர். இன்னும் பத்துப் பாகம் பாக்கி, அவன் எப்படிச் சாவான் என்று ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்குச் சரி. ஆனால் அடுத்த வருசம் வந்த நாவலில் கதை சொல்கிறவன் ஆவியாக நின்று சொல்கிறான். சாகமாட்டான் என்ற ஊகத்தை உடைக்காமலே அதற்குப் பக்கவாட்டில் போய்விட்டார். தான் போட்ட விதிக்குள் நின்றுகொண்டே வாசகனைத் திகைக்க வைப்பது இதுதான். தொடர் எழுத்தாளர்கள் படிக்க வேண்டிய பாடம் அந்த ஒரு நகர்வில் இருக்கிறது.

ஹாரி பாட்டர் ரசிகர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். 2005 ஜூலையில் ஆறாவது நூல் வந்து 2007 ஜூலையில் ஏழாவது வரும்வரை, ஆசிரியர் ஸ்னேப் துரோகியா விசுவாசியா என்று உலகமே இரண்டு கட்சி. தடயங்கள் இரண்டு பக்கமும் சமமாகவே கிடந்தன. பள்ளித் தலைவர் டம்பிள்டோர் ஒருவரை நம்பினால் அந்த நம்பிக்கைக்குக் கதைக்குள் காரணம் இருக்கும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டவர்கள் வென்றார்கள்.

எழுத்தாளர் இறந்துவிட்டால்? டிக்கன்ஸ் 1870 ஜூன் 9இல் மறைந்தபோது 'எட்வின் ட்ரூட்' பன்னிரண்டு பகுதிகளில் ஆறோடு நின்றது. 1914இல் லண்டனில் டிக்கன்ஸ் ரசிகர்கள் அந்தக் கதையின் சந்தேக நபர் ஜோன் ஜாஸ்பர் மேல் பாவனை வழக்கு விசாரணையே நடத்தினார்கள். ஜி.கே. செஸ்டர்டன் நீதிபதி, ஜூரிகளின் தலைவர் பெர்னார்ட் ஷா. லாவணிச் சபையை லண்டன்காரர்கள் நீதிமன்ற உடையில் நடத்தியதுபோல. எழுத்தாளர் இல்லாத இடத்தில் வாதாடி முடிக்க முடியாது என்பதையே அந்த விளையாட்டும் காட்டியது.

இழுக்கிற தொடர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் எழுதுகிறவர் எங்கோ போக நினைத்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. தினசரித் தொடர்களில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. 2017, 2018இல் சன் டிவியில் ஓடிய 'நந்தினி', 2015இல் இந்தியில் தொடங்கித் தமிழ்க் குரலில் 'நாகினி'யாக வந்து பருவம் பருவமாகத் தோலுரிக்கும் பாம்புத் தொடர், இவையெல்லாம் நகர மாயக்கதைகள்தாம். பங்களா, கார், கொம்பனி நிர்வாகம், நடுவில் நினைத்த உருவெடுக்கும் இச்சாதாரி நாகம். எங்கள் லயங்களில் மாலை வேலை முடிந்து வந்த பெண்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். ஆங்கில நாவல் படிக்கிறவர்களை மட்டும் ரசிகர் என்று எண்ணி இவர்களை விட்டுவிடுவது பெரிய தவறு.

இந்தத் தொடர்களில் கதையின் விதி வாரம் ஒன்று. நேற்று மாணிக்கக் கல் இருந்தால் எதுவும் செய்யாத விஷம், இன்று கல்லையும் மீறும். செத்தவர் இரட்டைப் பிறவியாக வருவார். பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். அதனால் அவர்கள் ஊகத்தின் அஸ்திவாரத்தையே கதையிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். இந்த நடிகைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம், அப்போ பாத்திரம் சாகும். அந்த நடிகர் வேறு தொடரில் ஒப்பந்தமாகிவிட்டாராம், அப்போ வெளிநாடு போவார். நேரத்தை மாற்றிவிட்டார்கள், அப்போ இன்னும் இரண்டு மாதத்தில் முடித்துவிடுவார்கள். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுத்து விழும்போது ஒருவரும் திடுக்கிடுவதில்லை, முந்தின வாரமே தெரிந்த சங்கதி. நான் கேட்டவரையில், எல்லா வகை ஊகங்களிலும் அதிகம் பலிப்பது இந்த வகைதான். எழுத்தாளர் சங்கங்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். கதையை விட்டுவிட்டுக் கால்ஷீட்டைப் படிக்கும்படி ரசிகரைப் பழக்கியது ரசிகரின் குற்றமில்லை.

கண்டுபிடித்துவிட்டால் மாற்றலாமா?

ரசிகர்கள் முடிவைச் சரியாக ஊகித்துவிட்டால் எழுத்தாளர் அதை மாற்ற வேண்டுமா என்பது இந்தத் துறையின் பெரிய சர்ச்சை. ஜோர்ஜ் மார்ட்டின் தன் நாவல் வரிசையை 1996இல் தொடங்கினார். நாயகன் ஜோன் ஸ்னோவின் பெற்றோர் யார் என்று வாசகர்கள் சீக்கிரமே ஊகித்துவிட்டார்கள். 2016இல் தொலைக்காட்சி வடிவம் அதையே உறுதிப்படுத்தியது. யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்காக மாற்றினால் முன்னால் விதைத்ததெல்லாம் பொய்யாகிவிடும் என்ற நிலையைத்தான் மார்ட்டின் எடுத்தார். அவர் புத்தகத்தை முடிக்காமல் காக்க வைப்பது வேறு கதை. இந்த நிலைப்பாட்டில் அவர் பக்கமே நான் நிற்கிறேன். கவனமாகப் படித்தவரைத் தண்டிப்பதற்காகக் கதையை வளைத்தால், அந்த எழுத்தாளர் இனி யாரையும் கவனமாகப் படிக்கச் சொல்ல முடியாது.

அன்புக்கு வளைவது வேறு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் வந்தபோது ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி வாசகர் மனதில் உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் கதைக்கு 'மீண்டும் ஜீனோ' என்றே பெயர் விழுந்தது. வாசகரின் ஊகம் கதையைத் திருப்புவது அபூர்வம். வாசகரின் பிரியம் திருப்புவது அடிக்கடி நடக்கிறது. ரசிகர்கள் அறிவைக் காட்டி எழுத்தாளரை அசைக்கப் பார்க்கிறார்கள், ஆனால் அசைப்பது அவர்கள் யாரை நேசிக்கிறார்கள் என்பதுதான்.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10இல் மதுரையில் காலமானார். அமானுஷ்யத்துக்கும் அறிவுக்கும் நடுவில் நின்று இரண்டு கட்சிக்கும் வாதம் எடுத்துக் கொடுத்த ஒருவர் தமிழில் இனி யார் என்ற கேள்வி இருக்கிறது. வாரத் தொடர்கதை மெலிந்துபோன காலத்தில் அந்த இடம் தானாக நிரம்பாது.

கேகாலைக்காரனாக எனக்கு இதில் ஒரு சுயநலமும் உண்டு. கொழும்பு–கண்டி வீதியில் மாவனல்லைப் பக்கம் அலுத்நுவர தெதிமுண்ட தேவாலயம் இருக்கிறது. மஹாசோனா முதலான யக்குகளை அடக்கும் தளபதி தெதிமுண்ட என்பது சிங்கள மக்களின் நம்பிக்கை. பேய் பிடித்ததாக நினைக்கிறவர்களை அங்கே கூட்டிப் போகிறார்கள். அதே மாவட்டத்தின் தோட்டங்களில் முனியும் ரோதைமுனியும் காவல் இருக்கிறார்கள். இரண்டு மொழியின் பேயையும் சாமியையும் தெரிந்து வளர்கிற பிள்ளை எங்கள் தோட்டத்துப் பிள்ளை. மூடப்பட்ட தொழிற்சாலையில் ரோதை நின்ற பிறகு ரோதைமுனி எங்கே போவார்? முனியின் எல்லை எந்தக் கானில் முடிந்து மஹாசோனாவின் எல்லை எந்தச் சந்தியில் தொடங்குகிறது? ஐம்பது அத்தியாயத்துக்குத் தாங்கும் கேள்விகள் இவை. சிகாகோவின் மந்திரவாதியை ஊகிக்கும் நம் இளையவர்கள் இதை எழுதிப் பார்க்கலாம். எழுதுகிறவருக்கு ஒரே வேண்டுகோள்: உங்கள் சாமி எதைச் செய்யாது என்பதை முதல் மூன்று அத்தியாயத்துக்குள் சொல்லிவிடுங்கள், கடைசிவரை அதை மீறாதீர்கள்.

வாசிக்கிறவருக்கும் ஒன்று. எந்தத் தொடரைப் பின்பற்றினாலும் உங்கள் ஊகத்தைக் கொப்பியில் திகதி போட்டு எழுதி வையுங்கள். முடிவு வந்த பிறகு 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்வதற்கு ஊர் முழுக்க ஆள் இருக்கும். எழுதி வைத்தவர் மட்டும்தான் அதை நிரூபிக்கலாம்.